வாயிலார் என்றொரு பெயர்

அறுபத்துமூவர் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணை எடுத்து அப்பியவர் கண்ணப்பர், சூதாடியவர் மூர்க்கர், ஊரால், குலத்தால், தொழிலால் பெயர் பெற்றவர்கள் பலர். அந்த வரிசையில் மயிலாப்பூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவரும்போது, மாட வீதியில் நெரிசலுக்கிடையே நிற்பவர்கள் சம்பந்தரையும் நாவுக்கரசரையும் தேடிக் கும்பிடுவார்களே தவிர, உள்ளூர்க்காரரான இவரை அடையாளம் காண்பவர் சிலரே. பெயர், வாயிலார். கபாலீசுவரர் கோயிலுக்குள் இவருக்கென்று சந்நிதியும் உண்டு. ஆரவாரம் இல்லாத அடியார் என்பதால் கூட்டம் கண்டுகொள்ளாமல் போவதும் ஒருவகையில் பொருத்தந்தான்.

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரை ‘வாயிலான்’ என்று ஒருமையில் அழைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் ‘வாயிலார்’ என்று உயர்த்திச் சொன்னார். இந்தப் பெயரை எங்கே பிரிப்பது என்பதில் இன்றுவரை இரு கட்சி. வாயில் + ஆர் என்று பிரித்து, இது பழங்குடி ஒன்றின் பெயர் என்பார் ஒரு சாரார். வாய் + இலார் என்று பிரித்து, பேச்சை ஒழித்தவர், வாய் இல்லாதவர் என்பார் மற்றொரு சாரார். எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. பிரிக்கும் இடத்தில் ஒருவர் வாசலாகிறார், மற்றவர் ஊமையாகிறார். இதில் எனக்குத் தீராத வியப்பு எதுவென்றால், இரண்டு பிரிப்பிலுமே ‘இல்’ இருக்கிறது என்பதுதான். வாயில் என்பது ‘இல்வாய்’ முன்பின்னாக மாறிய இலக்கணப்போலி. அங்கே இல் என்றால் வீடு. வாயிலாரில் இன்மையைக் குறிக்கும் இல் வேறு. வீட்டுக்கும் இல்லாமைக்கும் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டு குழப்பமின்றிப் பேசிவந்த மொழி நம்முடையது.

வாயில் என்ற சொல்லையே கொஞ்சம் பின்தொடர்வோம். அதியமானின் அரண்மனை வாயிலில் நின்று ஔவையார் காவலனை ‘வாயிலோயே’ என்று விளிக்கிறார். மதுரையில் கண்ணகியும் அதே சொல்லால்தான் விளிக்கிறாள். பேச்சு வழக்கில் யகரம் சகரமாகி வாயில் வாசலாயிற்று, வாயிற்படி வாசப்படியாயிற்று. மயிலையில் விடியற்காலையில் நீர் தெளித்துக் கோலமிடும் பெண்கள் ‘வாசல் தெளிச்சாச்சா?’ என்று கேட்டுக்கொள்ளும்போது சங்கச் சொல்லொன்று புழக்கத்தில் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. வீட்டுக்கு மட்டுமா வாயில்? உடம்புக்கும் உண்டு. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தையும் வள்ளுவர் பொறிவாயில் என்றார். உலகம் உள்ளே நுழையும் வழிகள் அவை. பின்னாளில் இச்சொல் ‘வழி’, ‘கருவி’ என்ற பொருளுக்கு விரிந்து, ‘கடிதம் வாயிலாக’, ‘வானொலி வாயிலாக’ என்று அலுவலகத் தமிழ் வரை வந்து சேர்ந்தது.

ஆனால் இச்சொல்லின் அழகான வாழ்க்கை அகத்திணையில் நடந்தது. தலைவனும் தலைவியும் ஊடிக்கொண்டு பேச்சற்றுப்போன வீட்டில், இடையே சென்று ஊடலைத் தணிப்பவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தொல்காப்பியக் கற்பியல் பன்னிருவரைச் சொல்கிறது. தோழியும் பாணனும் அதில் இருப்பது எதிர்பார்த்ததே. விருந்தினரையும் வாயில் என்று சேர்த்தாரே, அந்த இடத்தில்தான் தொல்காப்பியர் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாரோ என்று தோன்றுகிறது. விருந்தாளி திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டால் ஊடலைத் தள்ளிவைத்து முகம் மலர்ந்தாக வேண்டும். மலர்ந்த முகம் மீண்டும் சுருங்க மறந்துவிடும். தெருவோடு போகிற ‘கண்டோர்’கூட வாயில்களாம். ஆக, வாயில் என்பது வீட்டின் வாய், புலன்களின் வழி, இரு மனங்களுக்கிடையே நடப்பவர். இத்தனையும் ஒரு சொல்லில் குடியிருக்க, அதையே பெயராகத் தாங்கியவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டாமா?

சேக்கிழார் அவருக்குச் செலவிட்ட பாடல்கள் மிகச் சில. அவற்றிலும் பாதி மயிலையின் கடலுக்கும், கலங்கள் கொண்டுவந்து இறக்கும் யானைக்கன்றுகளுக்கும், வெண்மாடங்களுக்கும் போய்விடுகிறது. மிச்சத்தில், தபோதனர் என்று அவரை ஒரு சொல்லால் அறிமுகப்படுத்திவிட்டு, அவருடைய வழிபாட்டைச் சொல்கிறார். நெஞ்சுக்குள்ளே ஒரு கோயில், அதில் அறிவு விளக்கு, மகிழ்ச்சி திருமஞ்சன நீர், படையலாக அன்பு. கல் இல்லை, மணி இல்லை, மந்திர ஒலியும் இல்லை. இதே செயலைத் திருநின்றவூரில் செய்தவர் பூசலார்; அவர் உள்ளத்தில் கட்டிய கோயிலின் குடமுழுக்கு நாளுக்காகக் பல்லவ மன்னனான காடவர்கோன் தன் கச்சிக் கோயிலின் நாளைத் தள்ளிவைத்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. பூசல் என்றால் பெருங்கூச்சல் என்று பழந்தமிழ் அறிந்தவர்கள் சொல்வீர்கள். பெயரளவில் ஒருவர் கூச்சல், ஒருவர் வாயில்லார். இருவரும் செய்தது ஒன்றே. இந்தப் பொருத்தத்துக்குச் சொல்லாராய்ச்சியில் மதிப்பெண் கிடையாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாயிலார் தம் மனக்கோயிலை எதைக்கொண்டு கட்டினார் என்பதற்குச் சேக்கிழார் ஒரு சொல் வைத்திருக்கிறார்: மறவாமை. பக்தியால் என்றோ தவத்தால் என்றோ சொல்லியிருக்கலாம். மறக்காமல் இருத்தல் என்னும் எதிர்மறைத் தொழிற்பெயரை அவர் தேர்ந்தார். இன்று உலகமெங்கும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற பெயரில் கற்றுத்தரப்படும் பயிற்சிக்குப் பாலியில் ‘சதி’ என்று பெயர், வடமொழி ‘ஸ்மிருதி’யின் பாகத வடிவம் அது, பொருள், நினைவு. கவனம் எங்கேயோ போய்விட்டது என்பதை நினைவுகூர்ந்து திரும்ப அழைத்துவருவதுதான் அந்தப் பயிற்சியின் முழு வேலையும். பௌத்தர் உடன்பாட்டில் சொன்னதைச் சேக்கிழார் எதிர்மறையில் சொன்னார். நம் ‘ஓர்’ என்னும் வினையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்: ஓர்தல், ஆராய்ந்து உணர்தல். தமிழில் ஓர்மை என்றால் துணிவும் ஒருமையும். மேற்கே போனால் மலையாளத்தில் ஓர்ம்ம என்றால் நினைவு. எண்ணுப்பெயரான ஓர் வேறு, வினையான ஓர் வேறு என்று அறிந்தும், ஒன்றில் நிற்பதும் நினைவில் நிற்பதும் ஒரே ஒலியில் அமைந்ததைச் சற்று நின்று ரசிப்பதில் குற்றமில்லை.

சேக்கிழாரின் தபோதனர் வடமொழி உடையிலேயே நிற்கிறது; நம் தெருவில் நடப்பது தவம். தபஸ் என்பதன் வேரில் வெப்பம் இருக்கிறது, காய்தல் இருக்கிறது. சமணர் பேசிய பாகதத்தில் பகரம் வகரமாகித் ‘தவ’ என்றானது. நம் தவம் அந்த வாசல் வழியாகவே வந்திருக்க வேண்டும். ‘தவ’ என்றொரு உரிச்சொல் தொல்காப்பியத்தில் மிகுதிப் பொருளில் இருப்பதைக் காட்டி, தவம் தூய தமிழே என்று வாதிடும் அறிஞரும் உண்டு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒலியும் பொருளும் பாகதத்தோடு இவ்வளவு பொருந்தும்போது கடனை ஒப்புக்கொள்வதே மொழிக்குப் பெருமை. கடன் வாங்கியவன் அதை என்ன செய்தான் என்பதல்லவா கேள்வி? வள்ளுவர் தவம் என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே அதற்கு இரண்டு உறுப்பு வைத்தார். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல் ஒன்று. பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை மற்றொன்று. தவம் செய்கிறவனுக்குப் பக்கத்தில் இன்னோர் உயிர் இருந்தாக வேண்டும் என்பது இலக்கணமாகிவிட்டது. மயிலாப்பூரில் வள்ளுவருக்கும் கோயில் இருக்கிறது என்பதால், ஊர்க்காரர் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நாம் பெருமை பேசிக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒப்பிட்டால் தியானம் நேரே வடமொழியிலிருந்து உருக்குலையாமல் வந்தது. உடன்பிறந்தவை உலகம் சுற்றின: பாலியில் ஜான, சீனத்தில் சான், கொரியத்தில் சொன், வியத்நாமில் தியென், சப்பானில் ஜென். தியாகராய நகரில் ஒரு புத்தகக் கடையில் தியானம் ஒரு தட்டிலும் ஜென் இன்னொரு தட்டிலும் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். அண்ணன் தம்பி என்று அவற்றுக்கே தெரியாது. நம்மிடம் வந்த தியானமோ தெருவில் இறங்கி வேறு வேலைக்குப் போய்விட்டது. லஸ் முனையில் கைப்பேசியைப் பார்த்தபடி சாலையைக் கடப்பவரிடம் ஆட்டோக்காரர் கேட்பது, “என்னா சார், எந்தத் தியானத்துல வர்ற?” என்றுதான். கவனத்தின் பெயர் கவனமின்மைக்கு ஆகிவந்த விந்தை இது. முழுப் பிழையும் அல்ல: ‘எந்நேரமும் பணத் தியானம்’ என்கிறோமே, மனம் ஒன்றில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அங்கே உண்மை, ஒட்டிய இடந்தான் தவறு. நிட்டை அசையாத சோம்பேறிக்கு ஏளனமாயிற்று. யோகம் அதிர்ஷ்டமாயிற்று, மந்தைவெளியில் 1976-இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் ஒரு யோகத்தைக் கற்பிக்க, ‘அவனுக்கு யோகம் அடிச்சுது’ என்னும்போது நாம் இன்னொன்றைச் சொல்கிறோம். தவமோ, ‘29சி பஸ்ஸுக்குத் தவம் கிடக்கிறேன்’ என்பதில் காத்திருத்தலாக மெலிந்தது. மெலிந்தாலும் பொறுத்தல் என்ற பாதி அதில் இன்னும் உயிரோடு இருப்பதைக் கவனியுங்கள்.

தவம் என்னும் இந்தச் சொல்லைத் தேடி எடுத்து மறுபடியும் நிமிர்த்தியவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்து, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவியவர். அவருடைய மன்றங்களுக்குப் போகிறவர்கள் ‘மெடிட்டேஷன் பண்ணினேன்’ என்பதில்லை. ‘காலைல தவம் முடிச்சுட்டேன்’ என்பார்கள். கலைக்கு அவர் இட்ட பெயர் மனவளக்கலை. வளம் என்ற சொல் வயலுக்கும் ஆற்றுக்கும் உரியது. அதை மனத்துக்குக் கொண்டுவந்தது நல்ல உழவுத் தமிழ். கூடும் இடத்துக்கு மன்றம் என்று பெயரிட்டது அதைவிட நயம். ஊர்ப்பொது இடத்துக்கான சங்கச் சொல் அது. தவத்தோடு அகத்தாய்வு என்றொரு பாடமும் அங்கே உண்டு. எண்ணம், ஆசை, சினம், கவலை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் எழுதச் சொல்வார்கள். சினத்துக்கான தாளில் யார் மீது சினம் என்று எழுதும் இடத்தில் பெரும்பாலும் வீட்டார் பெயர்தான் வரும் என்று பயிற்சி பெற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. தம் துணைவியார் லோகாம்பாள் பிறந்த ஆகஸ்டு 30-ஐ மனைவி நல வேட்பு நாள் என்று அவர் கொண்டாடச் செய்தார். வேட்பு என்றால் விருப்பம். நல வேட்பு, நலம் விரும்புதல். வள்ளுவரின் இரண்டாம் பாதி நாட்காட்டியில் இடம்பிடித்த கதை இது.

மயிலையிலிருந்து ஆற்றைக் கடந்தால் அடையாறு. பிரம்மஞான சபை 1882-இல் தலைமையகத்தை இங்கே மாற்றியது. 1909-இல் அதன் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் சபையையும் குருமாரையும் முறைகளையும் உதறிவிட்டு, கிரீன்வேஸ் சாலை வசந்த விகாரத்தின் மரநிழலில் பேசினார். சொற்களின் வேரைத் தோண்டுவதில் அவருக்கும் விருப்பம் உண்டு. மெடிட்டேஷன் என்னும் சொல்லின் வேரில் அளத்தல் இருப்பதை அடிக்கடி எடுத்துக்காட்டி, அளந்து ஒப்பிடும் மனம் ஓய வேண்டும் என்று சொல்லிவந்தார். மருந்தைக் குறிக்கும் மெடிசினும் அதே வேரின் பிள்ளை. முறைப்படி உட்காரும் தியானத்தை அவர் ஏற்கவில்லை; மனைவியோடும் அயலானோடும் பழகும்போது தன்னைக் கண்டுகொள்வதே தியானம் என்பது அவர் நிலை. மன்றமும் விகாரமும் ஒன்றையொன்று ஒப்பாது. ஆனாலும் இரண்டும் வந்து நிற்கும் இடம் பக்கத்து மனிதன்தான்.

இனி, தியானத்தின் பயனை ஆய்வாளர்கள் தேடும் இடமான மூளைக்கு வருவோம். அச்சொல்லையும் சும்மா விட முடியாது. தமிழில் மூளை என்றால் தலைக்குள் இருப்பது மட்டுமல்ல, எலும்புக்குள் இருக்கும் மச்சையும்தான். அதே வேர்ச்சொல் கன்னடத்தில் மூளெ என்று எலும்பையே குறிக்கிறது. தெலுங்கில் மூலுக, எலும்பு மச்சை. மலையாளத்தார் மூளையைத் தலச்சோறு என்கிறார்கள். கற்றாழையைப் பிளந்தால் வருவதைக் கற்றாழைச் சோறு என்கிறோமே, அந்தச் சோறு. கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் மெதுவான உள்ளீடு. மேலை மருத்துவர்களும் பெயரிடுவதில் நம்மைப் போலத்தான்: அச்சத்தோடும் சினத்தோடும் தொடர்புடைய பகுதிக்கு அமிக்டலா, கிரேக்கத்தில் வாதுமைக் கொட்டை, நினைவுக்குரியதற்குக் கடற்குதிரை, உடம்பின் உள்நிலையை உணர உதவும் மடிப்புக்கு இன்சுலா, இலத்தீனில் தீவு.

2005-இல் மூளை ஆய்வாளர் சாரா லாசர் குழுவினர், பல்லாண்டு தியானம் செய்த இருபது பேரின் மூளையைப் படமெடுத்து, அந்தத் ‘தீவு’ப் பகுதியிலும் முன்மூளையின் சில இடங்களிலும் மூளையின் வெளியடுக்கான புறணி தடித்திருப்பதாக எழுதினார்கள். உலகமே துள்ளியது. எட்டே வாரத்தில் மூளை மாறும் என்று விளம்பரங்கள் வந்தன, சென்னையிலும் வந்தன. ஆனால் 2022-இல் தியான ஆய்வாளரான ரிச்சர்ட் டேவிட்சன் உள்ளிட்ட குழுவினரே 218 பேரை வைத்துத் திருத்தமாகச் சோதித்தபோது, எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வில் கண்டது நெடுங்காலப் பயிற்சியின் விளைவாக இருக்கலாம். அப்படிப்பட்ட மூளை உடையவர்களே தியானத்தை நாடியிருக்கவும் கூடும். படமெடுக்கும் கருவி அதைப் பிரித்துச் சொல்லாது. துள்ளியவர்கள் இந்தச் செய்தியைப் பரப்பவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அப்படியானால் பயனில்லையா? உண்டு, 2014-இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு தணிவதற்குச் சான்று இருக்கிறது என்றார்கள். ஓரளவு என்பதே சரியான சொல். ரங்கநாதன் தெருவில் துணிமூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போகிறவரைப் பாருங்கள்; மூட்டைக்கும் தலைக்கும் இடையே பழந்துணியை வளையமாகச் சுருட்டி வைத்திருப்பார். அதற்குப் பெயர் சும்மாடு. சுமை ஒரு பலம்கூடக் குறையாது. அழுத்தம் ஓரிடத்தில் குத்தாமல் பரவும், கழுத்து நேராக நிற்கும். தியானத்தின் நற்பயன் எனக்கு அந்தச் சும்மாட்டின் அளவுக்கே தெரிகிறது, அது சிறிதல்ல. சும்மாட்டுக்கும் சும்மாவுக்கும் உறவு கற்பிக்க நான் துணியமாட்டேன். ஆனால் சென்னையின் தலையாய சொல்லான அந்தச் ‘சும்மா’வை அருணகிரியாரும் தாயுமானவரும் மோனத்தின் உச்சிக்கு ஏற்றியிருப்பதையும், தொல்காப்பிய உரியியலில் ‘சும்மை’ என்றால் ஆரவாரம் என்று இருப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு நெட்டெழுத்தின் தொலைவில் கூச்சலும் அமைதியும்!

உறவுகளைப் பற்றிய ஆய்வுகளில் என் மனத்தில் நிற்பது ஒரு நாற்காலிக் கதை. அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்தது. காத்திருப்பு அறையில் மூன்றே நாற்காலி. இரண்டில் ஆய்வாளரின் ஆட்கள். மூன்றாவதில் ஆய்வில் கலந்துகொள்பவர் அமர்கிறார். ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முனகியபடி வந்து சுவரில் சாய்கிறார். ஆட்கள் இருவரும் தலை நிமிர்வதில்லை. எட்டு வாரம் தியானம் செய்தவர்களில் பாதிப்பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். செய்யாதவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேரே எழுந்தார்கள். மாநகரப் பேருந்தில் ஏறிய எவருக்கும் இந்த ஆய்வின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கலந்துகொண்டவர்கள் நாற்பதுக்கும் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். 2018-இல் 22 ஆய்வுகளை ஒருசேர எடைபோட்டவர்கள், பரிவு கூடியதாகத் தெரிந்தது பயிற்சி ஆசிரியரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியராகவும் இருந்த இடங்களில்தான் என்று குட்டு வைத்தார்கள்.

இவற்றையெல்லாம்விடச் செறிவானது செருமனியில் தானியா சிங்கர் நடத்திய ஒன்பது மாத ஆய்வு. சுமார் முந்நூறு பேர்; மூன்று வகைப் பயிற்சி. மூச்சில் கவனம் வைப்பது ஒன்று. பரிவும் நன்றியும் வளர்ப்பது ஒன்று. பிறர் நோக்கில் நின்று பார்ப்பது ஒன்று. 2017-இல் வந்த முடிவுகளின்படி, ஒவ்வொரு பயிற்சியும் புறணியில் வெவ்வேறு இடத்தைத் தொட்டது. அவையில் நின்று பேசவைத்து நெருக்கடி தந்தபோது, மூச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் ‘பதற்றம் குறைந்தது’ என்று வாயால் சொன்னார்கள். ஆனால் நெருக்கடியில் சுரந்து உமிழ்நீரில் ஊறும் கார்ட்டிசால் குறையவில்லை. மற்ற இரண்டையும் பெற்றவர்களுக்கு அது பாதியளவு வரை தணிந்தது. அந்த இரண்டிலும் தனியே உட்காரும் தியானத்தோடு, நாள்தோறும் இருவர் தொலைபேசியில் செய்யும் பத்து நிமிடப் பயிற்சியும் இருந்தது. பரிவுப் பயிற்சியில், ஒருவர் அன்று தமக்கு வருத்தம் தந்ததையும் நன்றி தோன்றியதையும் பேசுவார். மற்றவர் கேட்பார். அறிவுரை கூடாது, ஆறுதல் கூடாது, ‘உம்’ கொட்டவும் கூடாது. பிறகு முறை மாறும்.

அந்தக் கேட்பவருக்குத் தமிழில் என்ன பெயர்? வாய் இலார். அவர் வாயை மூடியதால்தான் எதிரே இருப்பவருக்கு வாயில் ஆனார். பெயரைப் பிரிப்பதில் இரு கட்சியென்று முதலில் சொன்னேனே, இரண்டும் ஒரே மனிதரில் நடக்கக்கூடியவை என்று செருமனியின் அந்த ஆய்வைப் பார்த்தபோது தோன்றியது.

தியானம் எல்லோரையும் பரிவுடையோராக்கும் என்று முடித்துவிட முடியாதபடி 2021-இல் பஃபலோ பல்கலைக்கழகத்தார் ஒரு முட்டுக்கட்டை போட்டார்கள். தன்னைத் தனியனாகக் கருதுபவர்கள் தியானப் பயிற்சி செய்ததும் பிறருக்கு உதவுவது குறைந்தது. தன்னைப் பிறரோடு சேர்த்துக் கருதுபவர்களிடம் கூடியது. இந்த மனநிலையை அவர்கள் எப்படி உண்டாக்கினார்கள் தெரியுமா? படிக்கத் தந்த பத்தியில், ஒரு சாராருக்குத் தன்மை ஒருமையும், மற்றவருக்குத் தன்மைப் பன்மையுமாகப் பெயரை மாற்றிவைத்தார்கள். நான், நாம், அவ்வளவே. ஆங்கிலத்தில் அந்தப் பன்மைக்கு ஒரே சொல். முன்னிலையாரை உள்ளே வைத்ததா வெளியே விட்டதா என்று அது சொல்லாது. நமக்கு நாங்கள் வேறு, நாம் வேறு. உளப்பாட்டின் அருமை தமிழில் பேசுகிறவனுக்குத் தாய்ப்பாலோடு வருகிறது. இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியத்தில் யான், யாம், நாம் உண்டு, நான் இல்லை. நன்னூலுக்கு வரும்போதுதான் நான் இலக்கணத்தில் அமர்ந்திருக்கிறது. யாமுக்கு யான் ஒருமையானது போல, நாமுக்கு ஒருமையாகப் பின்னர் வார்க்கப்பட்டதே நான் என்பது மொழியியலார் துணிபு. தமிழில் ‘நாம்’ மூத்தது. ‘நான்’ அதிலிருந்து பிறந்தது. பஃபலோவில் எவருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கடைசியாக ஒரு வழக்கு. மைண்ட்ஃபுல்னஸுக்குத் தமிழில் மனநிறைவு என்று எழுதுகிறார்கள். மனநிறைவு என்றால் திருப்தி. விருந்து முடிந்து கை கழுவியபின் வருவது. விழிப்புணர்வு கொசு ஒழிப்புக்கும் தலைக்கவசத்துக்கும் போய்விட்டது. தனித்தமிழார் வழங்கும் ஊழ்கம் நல்ல சொல். எழுத்தாளர் ஜெயமோகன் தம் வெண்முரசு நாவலில் அதைத் தாராளமாகப் புழங்கவிட்டார். ஆனால் அது தியானத்துக்குப் பொருந்துமே தவிர, சிதறிய கவனத்தை நினைத்து மீட்கும் இந்தப் பயிற்சிக்கு அன்று. பாடநூல் எழுதுவோரும், மருத்துவமனைக் கையேடு மொழிபெயர்ப்போரும், வகுப்புக்குப் பலகை மாட்டுவோரும் ‘மறவாமை’யை எடுத்து ஆண்டு பாருங்கள். மறவாமைப் பயிற்சி, மறவாமை வகுப்பு என்று பத்துமுறை சொன்னால் நாக்குக்குப் பழகிவிடும். குன்றத்தூர்க்காரர் உரிமைத்தொகை கேட்டு வரமாட்டார்.